அழுத்தக்காரி பழுத்தபோது

மரத்தின் மேல் வலையைக் காணோம்.

வேலை முடிந்து வந்து கேட்டைத் திறந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் அப்படியே நின்றுவிட்டாள். தோட்டத்து மூலையில் இருந்த சின்ன மரத்தைப் போர்த்தியிருந்த வெள்ளை வலை, இரண்டு துண்டாகத் தரையில் கிடந்தது. கத்திரிக்கோல் வேலை. அதுவும் ஏனோதானோவென்று வெட்டியதல்ல. துணி வெட்டிப் பழகிய கை, அளவு எடுத்தது போல நேராக வெட்டியிருந்தது.

அந்தக் காம்பவுண்டில் துணி வெட்டிப் பழகிய கை ஒன்றே ஒன்றுதான் உண்டு.

"அண்ணி!"

முன்பகுதி வீட்டில் தையல் மெஷின் சத்தம் நின்றது. ஜன்னல் வழியாக நாத்தனாரின் தலை எட்டிப் பார்த்தது.

"என்ன, வீடு பத்திக்கிட்ட மாதிரி கத்தறே?"

"வலையை யாரு வெட்டினது?"

"நான்தான். எலி வெட்டிச்சுன்னா சொல்லப் போறேன்?"

"எதுக்கு அண்ணி?"

"கொண்டைக்குருவிக் குஞ்சு ஒண்ணு கால் மாட்டிக்கிட்டு தலைகீழாத் தொங்குச்சு. அதோட அம்மாக்காரி போட்ட சத்தத்துல எனக்கு வேலையே ஓடலை. போய் வெட்டி விட்டேன். சிறகை உதறிட்டுப் பறந்து போச்சு."

"குஞ்சை மட்டும் எடுத்துட்டு வலையை விட்டிருக்கலாமே!"

"ஏன், நாளைக்கு அதோட தம்பி வந்து மாட்டிக்கறதுக்கா?"

அவளுக்கு வாயில் வந்ததைச் சொல்லத் தெரியாமல் இல்லை. வயதில் மூத்தவர், புருஷனின் அக்கா, ஒரே காம்பவுண்டு. நாக்கைக் கடித்துக்கொண்டாள். கடித்தும் கொஞ்சம் நழுவிவிட்டது.

"உங்களுக்கு இதோட அருமை தெரியாது அண்ணி. இந்த வருஷம் விட்டா அவ்வளவுதான். மரமே போயிடும்."

"எனக்கு அருமை தெரியாதுதான். ஊரு பூச்சி, பாம்பு, பல்லி எல்லாத்துக்கும் விருந்து வெப்பே. ஒரு மரத்துக்கு மட்டும் ஊரடங்கு போடுவே. இந்த நியாயம் எனக்குப் புரியாதுதான் தாயே."

ஜன்னல் கதவு படாரென்று சாத்தப்பட்டது.

நாத்தனார் அவளைப் பற்றிச் சொன்ன விருந்தில் பொய் இல்லை. அவள் செயற்கைப் பற்கள் செய்யும் பட்டறையில் வேலை பார்ப்பவள். மெழுகில் ஈறு பிடித்து, பல் வரிசை கோத்து, வாய்க்கு வாய் அச்சு வார்ப்பது அவள் தொழில். தெருவில் 'பல்செட்டம்மா' என்றால்தான் அடையாளம் தெரியும். ஆனால் மனசு முழுக்க வீட்டைச் சுற்றிய அந்தத் துண்டு நிலத்தில்தான். எங்கும் கிடைக்காத செடி ஒன்று எவரிடமாவது இருக்கிறது என்று காதில் விழுந்தால் போதும், விடுமுறை நாளில் பஸ் ஏறிவிடுவாள். அப்படித்தான் வந்து சேர்ந்தது, காய்ந்தால் முஷ்டி போலச் சுருண்டு தண்ணீர் பட்டால் விரியும் பெரணி. அப்படித்தான் வந்தது, இலையில் பசை வைத்து ஈ பிடிக்கும் விரல் நீளச் செடி. வவ்வாலுக்காகவே இருட்டில் பூக்கும் கொடி ஒன்றும் உண்டு.

அரிய செடி சேர்ப்பவர்கள் பலர் மருந்து அடித்து, கம்பி கட்டி, கண்ணாடிக்குள் வைப்பார்கள். இவள் வழி வேறு. உதிர்ந்த இலையைப் பெருக்க மாட்டாள், அடியில் மண்புழுவும் தேரையும் குடியிருக்கின்றன என்பாள். பட்டுப்போன கட்டையைத் தூக்கிப் போட மாட்டாள், வண்டுக்கு வேண்டும் என்பாள். தேனீ மூழ்கிவிடாமல் உட்கார்ந்து குடிக்கத் தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் பரப்பி வைப்பாள். கொய்யாவில் கிளிக்குப் போக மிச்சம்தான் வீட்டுக்கு.

"நம்ம வீட்டுல செடிக்குப் பசிச்சா ஈ, கிளிக்குப் பசிச்சா கொய்யா. எனக்குப் பசிச்சாத்தான் 'கொஞ்சம் பொறுங்க'" என்பார் அவள் கணவர். அவர் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். கற்றுக்கொள்பவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து, சோபாவில் இருக்கும்போதுகூட இல்லாத பிரேக்கை வலது காலால் மிதிக்கும் பழக்கம் அவருக்கு.

இத்தனை தாராளமும் மூலையில் இருந்த ஒரு மரத்திடம் மட்டும் செல்லாது. செடி சேர்ப்பவர்கள் அதற்கு வைத்த செல்லப் பெயர் 'அழுத்தக்காரி'. என்ன செய்தாலும் அதன் விதை வாய் திறக்காது. முளைக்காது. கிளையை வெட்டி நட்டால் அழுகும். பதியன் போட்டால் வேர் விடுவதற்கு முன் கிளை காய்ந்துவிடும். தாய்மரத்தடியில் எப்போதோ தானாக முளைத்திருந்த ஒற்றைக் கன்றை அவளுக்குக் கொடுத்த மனிதரின் வீட்டில், அந்தத் தாய்மரமும் மாடி கட்டும்போது போய்விட்டது. இன்னும் இரண்டு வீடுகளில் இருந்தவையும் பட்டுப்போயின. அவளுக்குத் தெரிந்தவரை, அவளுக்குப் பழக்கமானவர்களிடம், மிச்சம் இருப்பது இது ஒன்றுதான்.

இதன் தண்டிலும் உள்ளே குடையும் துளைப்பான் பூச்சி புகுந்துவிட்டது. அடியில் தினமும் மாவு போல மரத்தூள் கொட்டிக் கிடந்தது. பாதி மரம் காய்ந்து, தெற்குப் பக்கத்துக் கிளை மட்டும் ஏதோ வீம்புக்குப் பூத்து, சுண்டைக்காய் அளவில் கொத்துக் கொத்தாய்க் காய்த்திருந்தது. அதிலிருந்து ஒரு கன்றாவது வந்தால் உண்டு. இல்லாவிட்டால் அழுத்தக்காரி என்ற பெயர் மட்டும்தான் மிஞ்சும்.

ஒவ்வொரு வருஷமும் காய் சிவந்ததும் பறவைக்கு முந்திக்கொண்டு பறித்துவிடுவாள். விதையை உப்புத்தாளில் தேய்த்துப் பார்த்தாள். வெந்நீரில் ஊறப்போட்டாள். பட்டறையில் செயற்கைப் பல்லைச் செதுக்கும் மெஷினில் பொடி ஊசி மாட்டி ஓட்டில் துளையும் போட்டாள். ஒன்றும் அசையவில்லை.

இப்போது வலையும் போனது.

மறுநாள் விடிந்ததும், பாதிப் பழமாவது மிஞ்சியிருக்குமா என்ற பயத்தோடு மூலைக்கு ஓடினாள். ஓடியவள் திகைத்து நின்றாள்.

ஒரு பழம்கூடக் குறையவில்லை.

செக்கச் செவேலென்று கொத்துகள் அப்படியே தொங்கின. அந்தக் கிளையிலேயே, பழத்துக்கு ஒரு சாண் தள்ளி, இரண்டு கொண்டைக்குருவிகள் உட்கார்ந்து சிறகு கோதிக்கொண்டிருந்தன. ஒன்று கழுத்தைச் சாய்த்துப் பழத்தைப் பார்த்தது. அலகால் லேசாகத் தட்டியது. பிறகு கொய்யாவுக்குப் பறந்துவிட்டது.

"ஏங்க, இங்க வாங்களேன்."

மாஸ்டர் டீ டம்ளரோடு வந்தார்.

"தின்னவே இல்லை பாருங்க. பக்கத்துல வந்து உக்காருது, பாக்குது, போயிடுது."

மாஸ்டர் ஒரு வாய் உறிஞ்சினார். "சிவப்புன்னா நிக்கணும்னு அதுங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. நீதான் வருஷா வருஷம் சிக்னல்ல முந்திக்கிட்டு ஓடறே. என் கார்ல உக்காந்திருந்தா உனக்கு லைசென்ஸே குடுத்திருக்க மாட்டேன்."

"விளையாடாதீங்க."

"விளையாடலை. சத்தியமா குடுக்க மாட்டேன்" என்று சிரித்தபடி அவர் உள்ளே போய்விட்டார்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று பட்டறைக்குப் போகும்போது, போன வருஷம் முளைக்காமல் மண்ணிலிருந்து பொறுக்கி வைத்த விதைகளைப் பையில் எடுத்துப்போனாள். சாப்பாட்டு இடைவேளையில், மற்றவர்கள் கை கழுவப் போனதும், மெல்லிய அறுப்புத் தட்டை மெஷினில் மாட்டி ஒரு விதையை நடுவில் பிளந்தாள். விளக்கடியில் பிடித்துப் பார்த்தாள்.

உள்ளே பருப்பே இல்லை. காய்ந்த வெங்காயத் தோல் போல ஏதோ ஓரமாக ஒட்டிக் கிடந்தது. அடுத்ததைப் பிளந்தாள். அதுவும் அப்படியே. மூன்றாவதும் வேறாக இல்லை.

ஓடு கெட்டியாக இருந்ததால் முற்றிவிட்டது என்று இத்தனை வருஷம் நம்பியிருக்கிறாள். முற்றவே இல்லை. பழத்தின் சிவப்பு பாதி வழிதான். அதற்குப் பிறகும் அது போக வேண்டிய தூரம் இருந்திருக்கிறது. அவள்தான் போகவிடவில்லை.

பட்டறையில் புதிதாக வேலைக்குச் சேருபவர்களை அவள் திட்டாத நாள் கிடையாது. "சூடு ஆறறதுக்குள்ள அச்சைத் திறக்காதேன்னு எத்தனை தடவை சொல்றது? அப்புறம் பல்லு கோணிப் போச்சுன்னு அழுவியா?" என்பாள். அந்தத் திட்டு முழுவதும் இப்போது தன் பக்கமே திரும்பி உட்கார்ந்திருப்பது போல இருந்தது.

சரி, முற்றட்டும், துணிப்பை கட்டிவிட்டுக் காத்திருக்கலாமே என்றால் அதுவும் முடியாது. ஒருமுறை மறதியாகப் பைக்குள் விட்டுப்போன கொத்து, காற்றும் வெயிலும் படாமல் பூஞ்சை பிடித்துப் பஞ்சாகிப் போயிருந்தது. வலை போட்டால் மறுபடி குஞ்சு மாட்டும். திறந்துதான் விட வேண்டும். திறந்து விட்டால், என்றைக்குப் பழுக்கிறதோ அன்றைக்கே பறவைகள் வந்துவிடும். மரத்தூளோ நாளுக்கு நாள் அதிகமாகிக்கொண்டிருக்கிறது.

செடி சேர்ப்பவர்களின் போன் குழுவில் விஷயத்தைப் போட்டாள். பதில்கள் படபடவென்று விழுந்தன. 'முட்டாள்தனம் பண்ணாதீங்க, இப்பவே பறிச்சிடுங்க.' 'கைக்கு வந்ததைக் காக்காய்க்குக் குடுப்பாங்களா?' 'பாதியை எனக்கு அனுப்புங்க, நான் முளைக்க வெச்சுக் காட்டறேன்.' இப்படிச் சொன்னவர் போன வருஷமும் இதையேதான் சொல்லியிருந்தார்.

போனை மூடி வைத்தாள். பறிப்பதில்லை என்று முடிவு செய்தாள்.

இன்னொரு சிக்கல். பகலெல்லாம் அவள் பட்டறையில். மாஸ்டர் சாலையில். பழம் நிறம் மாறுவதைப் பார்க்கவும், பறவைகள் மொத்தத்தையும் தின்னும் முன் கொஞ்சமாவது பறிக்கவும், வீட்டில் இருக்கும் ஆள் ஒருவர்தான். அவரோடு பேச்சு நின்றுபோயிருந்தது. துணி காயப்போட வரும்போதுகூட நாத்தனார் அவளைப் பார்க்காமல், கொடியில் தொங்கும் சட்டையிடம் "சிலருக்கு நல்லது செஞ்சாலும் பொல்லாப்புதான்" என்று சொல்லிவிட்டுப் போவார். சட்டை பதில் சொல்லாது.

இரண்டு டம்ளர் டீ போட்டு எடுத்துக்கொண்டு முன்பகுதிக்குப் போனாள். நாத்தனார் மெஷினில் குனிந்திருந்தார். கண்ணில் புரை வளர்ந்துகொண்டிருந்தது. ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்தார்கள். அதுவரை வெளுத்த துணி மட்டும் தைப்பது என்று வைத்திருந்தார். கறுப்பு நூலும் காப்பிக் கலர் நூலும் அவருக்கு ஒன்றாகத் தெரிந்தன.

"அண்ணி, டீ."

"சர்க்கரை போட்டியா, கோவத்தைப் போட்டியா?"

"ரெண்டும் இல்லை. உங்களுக்கு சர்க்கரை கூடாதுன்னு டாக்டர் சொன்னாரே."

நாத்தனாரின் உதடு ஓரம் அசைந்தது. டம்ளரை வாங்கிக்கொண்டார்.

"அண்ணி, நீங்க வலையை வெட்டலைன்னா இந்த வருஷமும் நான் செவப்பாவே பறிச்சிருப்பேன்." பட்டறையில் பிளந்த விதைகளை உள்ளங்கையில் காட்டினாள். "உள்ள ஒண்ணுமே இல்லை பாருங்க. இத்தனை வருஷமா பிஞ்சைப் பறிச்சு மண்ணுல புதைச்சுட்டு, முளைக்கலைன்னு மரத்து மேல பழி போட்டிருக்கேன்."

நாத்தனார் விதையை முகத்தருகே கொண்டுபோய்ப் பார்த்தார். தெரிந்ததோ இல்லையோ, விரலால் தடவிப் புரிந்துகொண்டார்.

"அடப்பாவமே. பாதி வயித்துப் பிள்ளையைப் பிடுங்கிட்டு, பேசலைன்னு திட்டியிருக்கே."

"ஆமா அண்ணி."

"சரி விடு. இப்ப என்ன செய்யணும்?"

"பழம் நிறம் மாறறப்ப ஒரு பாதியாவது பறிச்சு வெக்கணும். நீங்கதான் பாத்துக்கணும்."

"நிறத்தைப் பாக்கறதுக்கு ஆளைப் பிடிச்சே பாரு! எனக்கு இந்தச் சுவரே கறுப்பாத்தான் தெரியுது."

"உங்களை விட்டா யாரு அண்ணி?"

நாத்தனார் டீயைக் கடைசிச் சொட்டு வரை குடித்தார். பிறகு டம்ளரை நீட்டினார். "அடுத்த தடவை ஏலக்காய் போடு. சர்க்கரைதான் கூடாது, ஏலக்காய்க்கு டாக்டர் ஒண்ணும் சொல்லலை."

மறுநாள் முதல் தையல் மெஷின் ஜன்னலிலிருந்து தோட்டத்துப் பக்கம் இடம் மாறியது. காற்று பலமாக அடித்த நாட்களில், பட்டறையில் அவள் கை வேலையில் இருக்கும், காது போனில் இருக்கும். சாய்ந்த மரம், ஒற்றைக் கிளை. மாஸ்டர் ஒரு மூங்கில் முட்டுக் கொடுத்துவிட்டு, "ஹேண்ட் பிரேக் போட்டாச்சு, இனி உருளாது" என்றார். சொல்லிவிட்டு, அவரே தினமும் வேலைக்குப் போகும் முன் முட்டை ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

ஒரு நாள் மதியம் போன் அடித்தது. நாத்தனார்.

"பறிச்சாச்சு. வந்து பாரு. வந்ததும் கத்தாதே."

அரை நாள் லீவு சொல்லிவிட்டு ஓடி வந்தாள்.

வாசல் படியில் ஒரு கிண்ணம் இருந்தது. உள்ளே பழங்கள், கருநாவல் நிறத்தில், தொட்டால் தோல் நழுவும் பதத்தில். அவள் இதுவரை பார்த்தே இராத நிறம். ஆனால் கிண்ணத்தில் கால்வாசிதான் இருந்தது. பாதிக்கு மேல் அலகு பட்டுக் கிழிந்தவை. மரத்தை நிமிர்ந்து பார்த்தாள். கொண்டைக்குருவிகள், இன்னும் பெயர் தெரியாத பச்சைக் குருவி ஒன்று, ஒரு அணில் என்று கிளை முழுக்க அமளி.

"அண்ணி... பாதி எடுக்கச் சொன்னேனே..."

"கத்தாதேன்னேன்ல. முதல்ல கேளு." நாத்தனார் படியில் உட்கார்ந்து அவளையும் இழுத்து உட்கார வைத்தார். "எனக்குக் கலர் தெரியுமா? தெரியாது. எது பழுத்தது, எது பழுக்காததுன்னு நான் யாரைக் கேக்கறது? காலையில ஒரு குருவி வந்துச்சு. ஒரு கொத்துல கொத்தி முழுங்கிச்சு. அடுத்த கொத்தைத் தொட்டுப் பாத்துட்டு விட்டுட்டுது. சரி, இதுக்குத் தெரிஞ்சது நமக்கு எதுக்குன்னு, அது தின்ன கொத்துல மிச்சம் இருந்ததை மட்டும் பறிச்சேன். அது வேண்டாம்னு விட்டதை நானும் விட்டுட்டேன். அப்புறம் அது வந்து அதையும் தின்னப்ப, அதுலயும் ரெண்டு எடுத்துக்கிட்டேன். அது ஒரு வாய், நான் ஒரு கை. இப்படியே மதியம் வரைக்கும் பங்காளிச் சண்டை. அது கணக்குல அதுக்குத்தான் ஜாஸ்தி போச்சு. என்ன பண்றது, அதுக்கு ரெக்கை இருக்கு."

அவள் கிண்ணத்தைப் பார்த்தாள். பிறகு ஒரு பழத்தை நசுக்கி விதையை எடுத்தாள். சிவந்த பழத்து விதையைவிடக் கனமாக இருந்தது. சமையலறைக் கத்தியாலேயே அழுத்திப் பிளந்தாள். உள்ளே, தேங்காய்ப் பத்தை போல, வெள்ளை வெளேரென்று பருப்பு முழுதாக நிறைந்திருந்தது.

கத்தவில்லை. நாத்தனாரின் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

"ஏய், புதுப் புடவை. பழக்கறை ஆக்கிடாதே."

அன்றே விதைகளைக் கழுவி, தேய்க்காமல், துளைக்காமல், வெந்நீர் காட்டாமல், இலை மக்கிய மண்ணில் ஊன்றினாள். தொட்டிகள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் நிழலான இடத்தில் அமர்ந்தன.

அதற்கு அடுத்த வாரம், பெரிய காற்று எதுவும் இல்லாத ஒரு பகலில், அழுத்தக்காரி தானாகச் சாய்ந்துவிட்டாள். மூங்கில் முட்டு நின்ற இடத்திலேயே நின்றது. மரம்தான் அதை விட்டு எதிர்ப்பக்கம் விழுந்திருந்தது. தண்டின் உள்ளே முழுக்கக் குடைந்து வெறும் கூடாகியிருந்தது. மாஸ்டர் அன்று ஜோக் அடிக்கவில்லை. மரத்தை அப்புறப்படுத்தவா என்று மட்டும் கேட்டார்.

"கெடக்கட்டும்ங்க. வண்டுக்கு வேணும்" என்றாள். இத்தனை நாள் திட்டிய அந்தத் துளைப்பானும் ஒரு வண்டின் புழுதான் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

பிறகு காத்திருப்பு. அவள் காலையில் ஒரு தரம், மாலையில் ஒரு தரம் மண்ணைப் பார்த்தாள். நடுவில் நாத்தனாருக்குப் போன் செய்து கேட்டாள். "இப்பத்தானே கேட்டே. அதுக்குள்ள மரமாயிடுமா?" என்று போன் வைக்கப்பட்டது. தொட்டியில் களை முளைத்தது. தொட்டியில் ஒரு தேரை குடிவந்தது. விதை மட்டும் அசையவில்லை. குழுவில், பாதியைக் கேட்ட மனிதர் 'நான் அப்பவே சொன்னேன்' என்று எழுதியிருந்தார். மழை வந்து போனது. நாத்தனாருக்கு ஒரு கண் ஆபரேஷனும் நல்லபடியாக முடிந்தது. மாஸ்டர்தான் வாடகைக் காரில் அழைத்துப் போய், வழியெல்லாம் இல்லாத பிரேக்கை மிதித்தபடி அழைத்து வந்தார்.

கட்டு பிரித்து, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு தோட்டத்தில் முதன்முதலாக நடந்த அன்று, நாத்தனார் ஒவ்வொரு செடியையும் நின்று நின்று பார்த்தார். "இது இவ்வளவு பச்சையா? நான் ஏதோ அழுக்குத் துணின்னு நினைச்சேன்." தொட்டிகளுக்கு வந்தபோது குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை.

"இவளே, இங்க வா. மெதுவா வா. ஓடி வந்து மிதிச்சுத் தொலைக்காதே."

மண்ணைப் பிளந்துகொண்டு வளைந்த தண்டு ஒன்று, கொக்கி போல, தலையைத் தூக்க முயன்றுகொண்டிருந்தது. பக்கத்துத் தொட்டியில் இன்னொன்று. அதற்கும் பக்கத்தில் மண் லேசாக விரிசல் விட்டிருந்தது.

அவள் தொட்டிகளுக்குப் பக்கத்தில் மண்டியிட்டாள். பக்கத்துத் தொட்டி முளை நிமிர்ந்துதான் இருந்தது, ஆனால் இரண்டு இலையும் விரியாமல், விதை ஓடு தொப்பி போல உச்சியில் மாட்டிக்கொண்டு நின்றது. உள்ளே இருந்த இளம்பச்சை, வெளியே வர முட்டிக்கொண்டிருந்தது கண்ணுக்குத் தெரிந்தது.

"ஓடு மாட்டிக்கிச்சு அண்ணி. கழட்டலைன்னா இலை அழுகிடும். நகத்தால லேசா..."

கை முளையை நெருங்கியது. பளாரென்று மணிக்கட்டில் ஒரு அடி விழுந்தது.

"விடு. அதுக்குத் தெரியும்."

"இல்ல அண்ணி, கொஞ்சமா ஈரம் மட்டும்..."

"தண்ணி தெளிச்சுட்டுப் போ. ஓட்டைத் தொட்டே, இன்னொரு கண்ணு ஆபரேஷனுக்கு உன்னைத்தான் துணைக்கு ஆஸ்பத்திரியில உக்கார வைப்பேன்."

அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். தண்ணீர் தெளித்தாள். எழுந்து போகத்தான் நினைத்தாள். கால் வரவில்லை. நாத்தனார் முக்காலியை இழுத்துப் போட்டு அவளை உட்கார வைத்து, தானும் பக்கத்தில் ஒன்று போட்டுக்கொண்டார். இரண்டு பேரும் ஒரு தொட்டியை வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேலை முடிந்து வந்த மாஸ்டர், என்ன ஏது என்று கேட்காமல், உள்ளே போய் மூன்று பேருக்கும் டீ போட்டு எடுத்து வந்தார்.

டீ பாதி குடித்திருப்பார்கள். ஓடு மெல்ல அசைந்து, ஒரு பக்கம் சரிந்து, மண்ணில் விழுந்தது.